பஞ்சாங்கத்தில் இல்லாத கிரகணம்

தொண்ணூறுகளின் கடைசியில் சனிக் கிரகத்துக்கு ஒரு விண்கலம் புறப்பட்டபோது என் ஐந்தாம் படிவ மாணவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் புளுட்டோனியம் இருக்கிறதாம், கிளம்பும்போதே வெடித்தால் பாதி உலகம் போய்விடுமாம், வெள்ளைக்காரர்கள் பதாகை தூக்கிக்கொண்டு நிற்கிறார்களாம். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "டீச்சர், சனீஸ்வரன்கிட்ட சும்மா போனாலே ஆவாது. இதுல அணுவையும் தூக்கிட்டுப் போறானுங்களா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு சாக்பீஸை எடுத்துப் பொறுமையாகச் சொன்னேன். அது அணு உலை இல்லையடா, தானாகச் சூடாகிற ஒரு பொருளை வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். சூரியனை விட்டு அவ்வளவு தூரம் போனால் வெளிச்சம் மங்கிவிடும், சூரியத் தகடு அங்கே சோறு போடாது. அணு உலை வேறு சமாச்சாரம். சின்னதாகச் செய்து விண்வெளிக்கு அனுப்ப முடியும், அனுப்பியும் இருக்கிறார்கள். இன்னும் மூட்டாத உலை ஏறக்குறைய சாது. புது அடுப்பு யாரைச் சுட்டது? எரித்த அடுப்புதான் சுடும். ஆகவே போவதைப் பற்றி அவ்வளவாகப் பயப்பட வேண்டாம், திரும்பி வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இப்படி முடித்தேன்.

நன்றாகப் பதில் சொல்ல எனக்கு வரும். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் எண்பத்து மூன்றாம் ஆண்டு, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இதைவிட நன்றாகவே சொன்னேன். என்ன பிரயோசனம்!

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்குச் செந்தூல் ரயில்வே பட்டறையில் மின்சாரப் பிரிவில் வேலை. நானும் செந்தூலிலேயே ஓர் இடைநிலைப்பள்ளியில் பௌதிகம் நடத்தினேன். வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமியார். டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, ஒரே பிள்ளையைத் தனியாக ஆளாக்கியவர். யாருக்கும் பயப்படாத மனுஷி. வங்கி மேனேஜரையே "என்ன தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டு தடவையும் டாக்டர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். "இது ரொம்ப அபூர்வம், மறுபடி நடக்க வாய்ப்புக் குறைவு." குறைவான வாய்ப்பு என் வீட்டுக்கு வழி தெரிந்து வைத்திருந்தது. அதனால் இந்த மூன்றாவதை நாங்கள் மூன்று பேரும் பேசாமலே காத்துக்கொண்டிருந்தோம். பெயர் யோசிக்கவில்லை, தொட்டில் வாங்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தால்கூட மாமியார் பார்வையைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

பொங்கல் முடிந்த வாரம் தொலைக்காட்சிச் செய்தியில் அதைச் சொன்னார்கள். ரஷ்யாக்காரர்கள் விட்ட ஒரு செயற்கைக்கோள் கட்டுப்பாடு இழந்து கீழே வருகிறது. உள்ளே அணு உலை. எங்கே விழும் என்று தெரியாது.

கணவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டே, "உலைன்னா? நம்ம பவர் ஸ்டேஷன் மாதிரியா? அத எப்படி மேல தூக்கிட்டுப் போனானுங்க?" என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன். உள்ளே இருக்கிற உலை ஒரு மண்ணெண்ணெய் டின் அளவுதான். கடலில் போகிற கப்பல்களை ரேடார் வைத்து வேவு பார்க்க மின்சாரம் நிறைய வேண்டும். தாழ்வாகச் சுற்றினால்தான் நன்றாகத் தெரியும். தாழ்வாகச் சுற்றும்போது சூரியத் தகட்டை அகலமாக விரித்தால், அங்கே இருக்கிற கொஞ்சநஞ்சக் காற்றே அதைப் பிடித்து இழுக்கும். அதற்காகத்தான் சின்ன உலை. வேலை முடிந்ததும் உலையை மட்டும் ரொம்ப உயரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கே அது பல நூறு வருஷம் சுற்றும், அதற்குள் வீரியம் தணிந்துவிடும். திட்டம் அருமையான திட்டம். தள்ளுகிற பொறி வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்று வட அமெரிக்காவில் பனிக்காட்டில் விழுந்து, சிதறிய துண்டுகளை மாதக்கணக்கில் தேடிப் பொறுக்கினார்கள் என்றும் சொன்னேன். தட்டைத் திருப்பித் திருப்பிச் சுற்றுப்பாதை காட்டினேன். கணவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

மாமியார் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். "அது கெடக்கட்டும். நம்ம தலைக்கு மேலயும் போவுதா?"

"போவும் அத்தை. ஒரு நாளைக்குப் பல தடவ உலகத்தச் சுத்துது. நம்ம ஊரு மேலயும் போவும்."

"வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆவுமா, ஆவாதா? அத மட்டும் சொல்லு."

பௌதிகம் படித்தவள் பொய் சொல்லலாமா? "துண்டு கிட்டத்துல விழுந்தா, மத்தவங்களவிட வயித்துப் புள்ளைக்குத்தான் ரொம்ப ஆவாது. ஆனா இங்க விழறதுக்கு வாய்ப்பு..."

"ஆவாதுல்ல? போதும்."

மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது வீடு இருட்டாக இருந்தது. மாமியார் திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தார். தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை, அரிசி டின்னில் தர்ப்பை, ஊறுகாய் ஜாடியில் தர்ப்பை. ஐஸ் பெட்டியின் கைப்பிடியிலும் ஒன்று செருகியிருந்தது. கிரகணம் பிடித்தால் எங்கள் வீடுகளில் செய்வது இதுதான். பிள்ளைத்தாச்சி வெளியே வரக்கூடாது, வானத்தைப் பார்க்கக்கூடாது. கத்தி, கத்தரிக்கோல், ஊசி எதையும் தொடக்கூடாது. அந்த நேரத்தில் எதையாவது வெட்டினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்பார்கள். மீறியவர்கள் என்று ஊருக்கு ஊர் இரண்டு பேரைக் கைகாட்டுவார்கள்.

"என்ன அத்தை இது?"

"கோயில் ஐயரக் கேட்டுட்டேன். பஞ்சாங்கத்துல இல்லையாம். ஆனா ஆகாசத்துல தோஷம்னா மாசமா இருக்கறவங்க உள்ள இருக்கறது நல்லதுதானேன்னுட்டாரு. நாளையிலேருந்து நீ ஸ்கூலுக்குப் போவாத."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பையைப் போட்ட இடத்திலேயே நின்று கத்தினேன். "கிரகணம்னா வெறும் நிழல், அத்தை! நிழல் யாரையும் ஒண்ணும் பண்ணாது. அதுக்கு உள்ள உக்காந்ததே முட்டாள்தனம். இதப் போயி அதோட சேக்கறீங்களே!"

அவர் கோபப்படவில்லை. "வெறும் நிழலுக்கே எங்கள உள்ள போட்டுப் பூட்டுனாங்க. இது நெசமாவே வெஷம்னு நீதான் நேத்து சொன்ன. அப்ப இதுக்கு எவ்வளவு உள்ள இருக்கணும்? நீ டீச்சரு, நீயே சொல்லு."

பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

கணவர் அம்மாவைக் கிண்டல் செய்தார். "அம்மா, ரேடியோவுக்கு மட்டும் தர்ப்பை வைக்கலியே, செய்தி கெட்டுப்போயிடாது?" என்று கேட்டுவிட்டு, அறைக்குள் வந்து என்னிடம், "விடுலா, ரெண்டு நாள்தானே. உனக்கும் ரெஸ்ட்" என்றார். ஆண்களுக்கு எல்லாமே இரண்டு நாள்தான். கிளினிக் டாக்டர் எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு எழுதித் தர ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இரண்டு கலைந்த கேஸ் ஆயிற்றே, படுத்திருந்தால் நல்லது என்று அவரே எழுதிக் கொடுத்தார். என் அம்மாவாவது எனக்குப் பரிந்து பேசுவார் என்று கிள்ளானுக்குப் போன் போட்டேன். அந்த வாரம் எனக்கு வளைகாப்பு. அழைத்துப்போக வண்டியெல்லாம் ஏற்பாடு ஆகியிருந்தது. அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க அத்தை சொல்றதுதான் சரி. வளையல் எங்க ஓடிப்போவுது? எல்லாம் விழுந்தப்புறம் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக எனக்குப் பாடம் நடத்திய விரிவுரையாளரைக் கூப்பிட்டேன். அவராவது இரண்டு எண் கொடுப்பார், அதை வைத்து வீட்டில் வாதாடலாம் என்று நினைத்தேன்.

"என்னம்மா சொல்லச் சொல்ற?" என்றார் அவர். "கடைசி ரெண்டு மூணு மணி நேரம் வரைக்கும் எங்க விழும்னு எவனுக்கும் தெரியாது. பூமி முக்காவாசி தண்ணி, அத நம்பு. விழுந்தா கிட்ட போவக்கூடாது, தொடக்கூடாது."

"அப்ப நான் என்ன சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்றதுக்கு இல்ல. வேணும்னா வீட்டுக்குள்ளயே இரேன். தப்பில்லலா."

போனை வைத்தேன். மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சொன்னாரு உங்க சாரு?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உள்ளே கிடந்தேன். வெள்ளரிக்காய் நறுக்கக்கூடாது, பிய்ந்த பொத்தானைத் தைக்கக்கூடாது. மாணவர்களின் பயிற்சித் தாள்களைத் திருத்தலாம், ஆனால் பென்சில் சீவக்கூடாது, மாமியார் சீவித் தருவார். அவர் பென்சில் சீவிய அழகைப் பார்க்க வேண்டுமே, மரம் வெட்டின கையல்லவா, பாதிப் பென்சில் போய்விடும். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, ரயில் கார்டு மனைவி, காலையும் மாலையும் சன்னலோரம் வந்து, "டீச்சர், எப்ப விடும்?" என்று கேட்பார். கிரகணமென்றால் பிடிக்கிற நேரமும் விடுகிற நேரமும் பஞ்சாங்கத்தில் அச்சடித்திருக்கும். இதற்கு யார் அச்சடித்தார்கள்? தெரியாதுக்கா, தெரியாதுக்கா என்று சொல்லிச் சொல்லி எனக்கே என் குரல் பிடிக்காமல் போனது.

ஒருநாள் காலையில் வானொலியில் சொன்னார்கள், இந்தியப் பெருங்கடலில் விழுந்துவிட்டதாம். யாருக்கும் ஆபத்தில்லை. மாமியார் திரைகளைத் திறந்தார், தர்ப்பைகளைச் சேர்த்து எடுத்து எறிந்தார், வீட்டைக் கழுவிவிட்டார். எனக்குத் தலைக்கு வெந்நீர் ஊற்றி, "அப்பாடா, என் தாயி" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அன்று அவர் வைத்த மீன்குழம்பின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மத்தியானச் செய்தி வந்தது. விழுந்தது உடல் பாகம்தானாம். எரிபொருள் இருக்கிற உலைக்கரு தனியாகக் கழன்றுவிட்டது. அது இன்னும் மேலேதான் சுற்றுகிறது, இறங்க இன்னும் இரண்டு வாரம் ஆகலாம்.

அலாமாக்! நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

கழன்றது நல்லதுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். பனிக்காட்டு அனுபவத்துக்குப் பிறகு அப்படி மாற்றிச் செய்திருந்தார்கள். கவசமில்லாமல் தனியாக வந்தால் உலைக்கரு மேல் காற்றிலேயே எரிந்து தூளாகி, உலகம் முழுக்கப் பரந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். இதைச் சொன்னேன். மாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, உடம்பு வேற, தல வேறன்னு ரெண்டா ஆயிடுச்சு. உடம்பு கடல்ல விழுந்திடுச்சு, வெஷமுள்ள தல வானத்துல சுத்துது. இதத்தானே நாங்க ராகு கேதுன்னு சொன்னோம்? நீ சிரிச்சியே."

கணவர்கூட அன்று கிண்டல் செய்யவில்லை. தர்ப்பை திரும்பி வந்தது.

இடையில் தைப்பூசம். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று கணவர் பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்திருந்தார். விடியும் முன்பே அவரும் மாமியாரும் கிளம்பினார்கள். "யாரு கூப்பிட்டாலும் தெறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார் மாமியார். லட்சக்கணக்கான பேர் கூரையில்லாத வெட்டவெளியில், அதே வானத்துக்குக் கீழே நிற்கப் போகிறார்கள். அதில் எத்தனை பிள்ளைத்தாச்சிகள் இருப்பார்கள்! நான் மட்டும் மூடிய வீட்டுக்குள், வேர்த்து வழிந்துகொண்டு.

வெயில் ஏறிய பிறகு எழுந்துபோய் வாசற்கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தேன். தடுக்க யாருமில்லை. சும்மா வெளியே போய் அந்த முச்சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். என் தலையில்தான் விழும் என்பது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம், அதைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்ட என்னால் முடியும். அப்படியே விழுந்தாலும் இந்தப் பலகைக் கதவும் ஓட்டுக் கூரையும் எதைத் தடுக்கும்? அதுவும் தெரியும். எல்லாம் தெரியும். ஆனால் ரொம்ப அபூர்வம் என்று வெள்ளைக்கோட்டுப் போட்டவர் என் கட்டில் பக்கத்தில் நின்று இரண்டு முறை சொன்னது காதில் கேட்டது. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. தாழ்ப்பாளை விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். படித்த படிப்பெல்லாம் என்னைவிட்டு எழுந்து போனது போலிருந்தது. குப்புறப் படுத்து அழக்கூட அந்த வயிறு விடவில்லை.

சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம், உலைக்கருவும் எங்கோ தூரத்து அட்லாண்டிக் கடலுக்கு மேலே எரிந்து போனது. செய்தி வாசித்தவர் அதை ஒரு வரியில் முடித்துக்கொண்டார். கிரகணம் விட்டது. எனக்கு வளையல் போட்டார்கள், பள்ளிக்குத் திரும்பினேன், மாணவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் நன்றாகவே பதில் சொன்னேன். அந்த மார்ச் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தோம் என்று நினைக்கிறேன். கணவர் ஒரு தொட்டில்கூட வாங்கி வந்தார்.

மகள் உயிரோடு பிறந்தாள். அழுதாள், என்ன அழுகை! நர்ஸ் மிசி அவளைத் துடைத்து எடுத்து வந்தபோது துணியை முகம்வரை இழுத்து மூடியிருந்தார். விலக்கிப் பார்த்தேன். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

பின்னால் அதைத் தைத்துச் சரிசெய்தார்கள். இன்றைக்கு அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லை. அந்தக் கதை வேறு. அன்றைக்கு அந்தப் படுக்கையில் எனக்கு அது எதுவும் தெரியாது.

டாக்டரம்மா உட்கார்ந்து விளக்கினார். உதடு கூடுவது இரண்டாவது மாதத்திலேயே முடிந்துவிடுகிற வேலை. சில பிள்ளைகளுக்குக் கூடுவதில்லை, ஏன் என்று பல சமயம் சொல்ல முடியாது. கடைசி மாதங்களில் நீங்கள் செய்தது, செய்யாதது எதற்கும் இதில் சம்பந்தமில்லை. அந்தச் செயற்கைக்கோளைப் பற்றிக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சயின்ஸ் டீச்சர்தானே?" என்றார். எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நெஞ்சு லேசானது.

மாமியார் வந்தார். பிள்ளையைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால், என்னைத் திட்டியிருந்தால், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவரோ பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும், "கெரகணம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த அக்கா தலையாட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பாவம் என்றுதான் இருந்தது. கோபத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. பாவத்துக்கு என்ன பதில் சொல்வது?

மாலையில் கணவர் மட்டும் இருந்தார். பிள்ளைக்கு முலை பிடிக்க வரவில்லை. பாலைக் கறந்து, சங்கில் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மிசி ஒருமுறைதான் செய்து காட்டினார், கணவர் உடனே பழகிக்கொண்டார். மின்சார வேலை செய்கிறவர், கை நடுங்காது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. என்ன ஆனாலும் இந்த மனுஷன் என் பக்கம் என்று அவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அம்மாவின் தர்ப்பையைப் பார்த்துச் சிரித்தவர். டாக்டரம்மா சொன்னதை என்னோடு சேர்ந்து கேட்டவர், கேட்டு இரண்டு கேள்வியும் கேட்டவர்.

பிள்ளை தூங்கியது. சங்கைத் துடைத்து வைத்தார். என்னைப் பார்க்காமலே மெதுவாகக் கேட்டார்.

"கோவிச்சுக்காத... அந்த நாளுங்கள்ல நீ எதையாவது வெட்டினியா?"

இரண்டாவது மாதம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டரம்மா சொன்னது முழுதும், வரி பிசகாமல், நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் மனசு அதற்குள் அந்த இருட்டு வீட்டுக்குள் போய்விட்டது. ஏதாவது நூலை அறுத்தேனா? நகம் நீளமாக இருந்ததே, அதை என்ன செய்தேன்? ரொட்டி உறையைக் கையால் கிழித்தேனா, கத்தரியால் வெட்டினேனா? ஒவ்வொரு நாளாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

"தெரியலீங்க" என்றேன். "இருங்க, யோசிச்சுப் பாக்கறேன்."